குனிந்தால் குறையும் வலி

பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மிதிவண்டியில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போகும் முதியவர்களைப் பார்த்திருப்பீர்கள். வண்டி பழுது என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அவர்களில் சிலருக்கேனும் பழுது வண்டியில் இல்லை. கைப்பிடியில் சாய்ந்து முன்குனிந்து நடந்தால் கால் கடுப்பதில்லை. நிமிர்ந்து நடந்தால் சற்றுத் தொலைவிலேயே தொடை இரும்பாய்க் கனத்துவிடும். அம்மாவுக்கு இந்நோய் வந்த பிறகே எனக்கு இது விளங்கியது.

தண்டுவடப் பாதைச் சுருக்கம் என்று பெயர். முதுமையில் மூட்டுகள் தேய்ந்து புடைப்பதாலும், இடைத்தட்டு பிதுங்குவதாலும், உள்ளே ஓடும் இணைப்பு நார் தடிப்பதாலும் நரம்புகள் இறங்கும் பாதை இடுங்கிப்போகிறது. நிமிர்ந்தால் அந்த நார் மடிந்து உட்புறம் புடைக்கும். குனிந்தால் இழுபட்டுச் சற்று இடம் விடும். 1954இல் நெதர்லாந்து மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் இந்நோயைத் தெளிவாக விவரித்து எழுதினார். கடைகளில் பொருள் அள்ளிப்போடும் தள்ளுவண்டியில் சாய்ந்தால் வலி தணிகிறதா என்று மேலைநாட்டு மருத்துவர்கள் கேட்பதுண்டு. நமக்கு மிதிவண்டி.

அம்மா நாற்பது ஆண்டுகள் நடவுக்குப் போனவர். பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பார்கள். அக்களஞ்சியம் யாருடைய இடுப்பினால் நிறைந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. ஆகவே இயன்முறை மருத்துவர் குனியும் பயிற்சிகளையே எழுதித் தந்தபோது அம்மாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "குனிஞ்சு குனிஞ்சு வந்த நோவக் குனிஞ்சே தீக்கப் பாக்குதா இந்தப் பொண்ணு?" அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "வயல்ல காலூன்றி மணிக்கணக்காக் குனிஞ்சீங்கம்மா, மொத்த பாரமும் இடுப்புல. இங்க பாய்ல படுத்துக்கிட்டு, பாரமே இல்லாம" என்றார்.

பயிற்சிகள் எளியவை. மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மார்போடு அணைத்துப் பத்து எண்ண வேண்டும், பிறகு மற்றது, பிறகு இரண்டும் சேர்த்து. மூச்சை அடக்கக் கூடாது. அடுத்து, வயிற்றை இறுக்கி இடுப்பைத் தரையோடு அழுத்துவது. நாற்காலியில் அமர்ந்து கைகள் தரையைத் தொடக் குனிவது. 1937இலேயே அமெரிக்காவின் பால் வில்லியம்ஸ் இடுப்பு வலிக்கு வகுத்த முறையின் வழிவந்தவை இவை. பெரிய இரகசியம் எதுவுமில்லை; நாள்தோறும் செய்வதுதான் கடினம். அம்மா காலையில் வாசல் தெளித்துக் கோலமிட்டதும் பாயை விரித்துவிடுவார்.

பாதை இதனால் அகன்றுவிடாது. அதை இயன்முறை மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அகல்வது நடக்கும் தூரம். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் போக அம்மா மூன்றிடத்தில் உட்கார்ந்த காலம் போய், நான்காம் மாதத்தில் ஓரிடமாகிவிட்டது.

அறுவை வேண்டாமா என்று உறவினர் கேட்கின்றனர். அமெரிக்காவில் அறுவைக்கு ஒப்பிய 169 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. இரண்டாண்டு முடிவில் இரு பிரிவினரின் இயங்கும் திறனிலும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் பயிற்சிப் பிரிவினரில் பாதிக்கு மேற்பட்டோர் இடையிலேயே அறுவைக்குப் போய்விட்டனர். இதையும் சேர்த்தே சொன்னேன். சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ ஒருநாளும் தாமதிக்கலாகாது என்ற எச்சரிக்கை எங்கள் வீட்டு நாட்காட்டியின் பின்புறம் எழுதப்பட்டிருக்கிறது.

வில்லியனூரில் சித்தி இருக்கிறார். திருக்காமீசுவரர் தேரை இவ்வாண்டு பார்த்தே தீருவது என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். தேர் நிலைக்கு வரும்வரை அவரால் நிற்க இயலாது. மாடவீதியில் திண்ணையுள்ள வீடு எது என்று சித்தியிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்.