டியூக் வீதியில் ஒரு டின்

லண்டனில் படிக்கும் அக்காள் மகனைப் பார்க்கச் சென்றபோது, ஒரு மாலை டியூக் வீதியில் நடந்தேன். சுங்கான் புகைத்தபடி நின்ற பெரியவர் ஒருவர் பேச்சுத் துணையானார்.

1907-இல் ஆல்பிரட் டன்ஹில் இந்த வீதியில்தான் புகையிலைக் கடை திறந்தார். வாடிக்கையாளர் விரும்பிய கலவையை எண்ணிட்டு ஏட்டில் எழுதி வைத்தார்கள். ‘மை மிக்ஸ்சர் 965’ அப்படி வந்த பெயர். பெரியவர் புகைத்ததும் அதுவே.

2018-இல் டன்ஹில் பெயரில் சுங்கான் புகையிலை வருவது நின்றது. பலர் கிடைத்த டின்களை வாங்கிச் சேர்த்தனர். மூடி திறக்காவிட்டால் பல ஆண்டு கெடாது. 2019-இல் அந்தக் கலவை பீட்டர்சன் பெயரில் மீண்டும் வந்தது.

“அதே ருசிதானா, ஐயா?” என்றேன்.

“பெயர் மாறியதும் நாக்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது,” என்று சிரித்தார். பழைய டின் ஒன்று வீட்டில் இருக்கிறதாம். திறந்தால் தீர்ந்துவிடுமே என்று திறக்கவில்லை.

எனக்குத் தோட்டத்து வீட்டில் இருந்த பாட்டியின் நினைவு வந்தது. வெற்றிலையோடு போடும் வழக்கமான புகையிலை கடைக்கு வராமல் போனதும், ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு பழக்கத்தையே விட்டார். உடம்புக்குக் கேடு தரும் பொருள், போனது நல்லதே. ஆனாலும் அந்தக் காலி டப்பாவை இறுதிவரை எறியவில்லை.