விரலுக்குப் பதில் சொல்லும் கட்டை



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், ஆராதனை முடிந்து வெளியே வருகையில் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். “ஐயா, பிள்ளை பியானோ கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள், எதை வாங்கிக் கொடுப்பது?” மரத்தாலான பெரிய பியானோவை வாங்குவதற்குப் பணமும், அதை வைப்பதற்கு இடமும் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. அதற்குச் சுருதி கூட்டுகிறவரைத் தேடி அலைவதும் எளிதன்று. ஆகவே அந்தக் கேள்வி, தூக்கிச் செல்லத்தக்க டிஜிட்டல் பியானோவில் வந்து நிற்கிறது. இவ்வாரத் தியானத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

இது கடைக்காரர் பதில் சொல்ல வேண்டிய காரியமாயிற்றே, போதகருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். இரண்டு காரணங்களைச் சொல்லுகிறேன். முதலாவது, நீங்கள் செலவிடும் பணம் எப்படி வந்தது என்பதை நான் அறிவேன். அது விசைத்தறியின் முன் இரவுமுறை நின்றவரின் கூலி. கோழிப்பண்ணையில் விடியுமுன் முட்டை சேகரித்தவரின் சம்பளம். மாதந்தோறும் கட்டி எடுத்த சீட்டுப் பணம். இரண்டாவது, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையிலுள்ள சிற்றூர்ச் சபைகளுக்குச் செல்லும்போது ஆர்மோனியத்தின் பின்னே அமர்ந்திருப்பவரைப் பார்க்கிறேன். பல இடங்களில் அவர் தலை நரைத்தவர். விரல்கள் முன்போல் வளைவதில்லை. அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு விடை, இன்று உங்கள் வீட்டில் பியானோ கேட்டு அடம்பிடிக்கும் அந்தப் பிள்ளையாக இருக்கக்கூடும். தவறான கருவி அந்த ஆசையை ஆறு மாதத்தில் அணைத்துவிடும். ஆகவே இது சிறிய காரியமன்று.

முதலில், பியானோ என்றால் என்ன என்பதை அறிவோம். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், மெடிச்சி குடும்பத்தாரின் இசைக்கருவிகளைப் பராமரித்த பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர் இதை உருவாக்கினார். 1700-ஆம் ஆண்டின் அரண்மனைப் பொருட்பட்டியலிலேயே இக்கருவி குறிக்கப்பட்டுள்ளது. 1720-இல் அவர் செய்த ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அதற்கு முன்னிருந்த ஹார்ப்சிகார்டு என்னும் கருவியில் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றே. ஏனெனில் அது தந்தியைச் சுண்டி ஒலிப்பது. கிறிஸ்தோஃபோரி சுண்டுவதற்குப் பதிலாகச் சிறு சுத்தியலால் தந்தியைத் தட்டச் செய்தார். விரல் மெல்லச் சென்றால் மெல்லிய ஒலி. விரைந்து சென்றால் உரத்த ஒலி. ‘பியானோ’, ‘ஃபோர்ட்டே’ என்னும் இத்தாலியச் சொற்கள் மென்மையையும் உரப்பையும் குறிப்பவை. கருவியின் பெயரே அதிலிருந்து வந்தது.

நமக்குப் பழக்கமான ஆர்மோனியம் வேறு வகையானது. ஐரோப்பாவில் காலால் மிதித்து வாசிக்கப்பட்ட அக்கருவியை, தரையில் அமர்ந்து கையால் துருத்தி அசைத்து வாசிக்கும்படி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் மாற்றியமைத்தவராகத் துவாரகநாத் கோஷ் அறியப்படுகிறார். அதில் கட்டை காற்றுக்கு வழி திறக்கிறது. ஒலியின் ஏற்றத்தாழ்வு துருத்தியின் கையில் இருக்கிறது. இடக்கை துருத்தியிலே இருப்பதால் வலக்கை மட்டுமே ராகத்தில் ஓடும். அந்தக் கருவி நம் சபைகளுக்குச் செய்த ஊழியம் பெரிது. ஆனாலும் அதைப் பார்த்தே வளர்ந்த நாம், கட்டை என்றால் மின்விளக்கின் சுவிட்சைப் போன்றது, அழுத்தினால் ஒலித்தால் போதும் என்று எண்ணிக்கொள்கிறோம். கடையில் 61 கட்டைகள் கொண்ட இலேசான கீபோர்டைக் கண்டு, ‘இதுவும் அதுவும் ஒன்றுதானே’ என்று பலர் வாங்கிவிடுவது இதனால்தான்.

இரண்டும் ஒன்றல்ல. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளிலேயே பியானோவுக்கு ஒரு பாடத்திட்டமும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறொரு பாடத்திட்டமும் உண்டு. கீபோர்டில் நூற்றுக்கணக்கான ஒலிகள், தானே ஓடும் தாளங்கள், ஒரு விரலை வைத்தாலே முழங்கும் பின்னணி எல்லாம் இருக்கும். தேர்ந்தவர் கையில் அவை பயனுள்ளவை. தொடங்குகிற பிள்ளைக்கோ, தன் விரல் என்ன செய்தது, இயந்திரம் என்ன செய்தது என்று பிரித்தறிய முடியாமற்போகும். இடக்கை ஒரே இடத்தில் தங்கிவிடும்.

ஆகவே தொடங்குகிறவருக்கு வாங்கும்போது நான்கு காரியங்களைப் பாருங்கள்.

ஒன்று, சுத்தியல் அமைப்போடு கூடிய எடையுள்ள 88 கட்டைகள். நல்ல டிஜிட்டல் பியானோவில் தந்தி இல்லாவிட்டாலும், கட்டை கீழிறங்கும் வேகத்தை உணரிகள் அளந்து அதற்கேற்ற ஒலியைத் தருகின்றன. இடப்புறக் கட்டைகள் சற்றுக் கனமாகவும் வலப்புறக் கட்டைகள் இலேசாகவும் இருக்கும். இரண்டு, பெடல். பெட்டியோடு வரும் சிறு பெடல் தரையில் நழுவினால், பின்னர் உறுதியான ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். மூன்று, ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரங்கள் ஒலிக்க முடியும் என்னும் எண்ணிக்கை. தொடக்கத்திற்கு 64 போதுமானது. நான்கு, அசையாத ஸ்டாண்டும் சரியான உயரமுள்ள இருக்கையும். கட்டிலின்மேல் கருவியை வைத்துச் சம்மணமிட்டு வாசிக்கும் பிள்ளையின் மணிக்கட்டு தவறாகவே பழகும். இந்த இரண்டின் விலையையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

பெயர் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். யமஹா பி-145, காசியோ சி.டி.பி-எஸ்110, ரோலண்ட் எஃப்.பி-10 ஆகியவை தொடங்குகிறவர்களுக்கென்றே அறியப்பட்டவை. மூன்றிலும் எடையுள்ள 88 கட்டைகள் உண்டு. எடை ஏறத்தாழ 10 முதல் 12 கிலோ. நீளம் சுமார் 1.3 மீட்டர். ஒருவர் தூக்கலாம், ஆனால் இருசக்கர வண்டியில் கொண்டுபோக இயலாது. காசியோவின் அந்தக் கருவி 6 சிறிய பேட்டரிகளிலும் இயங்கும். மின்தடை வரும் ஊர்களிலும், வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் இது உதவும். விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் நான் எழுதவில்லை.

கடைக்குச் செல்லும்போது பிள்ளையையும் கற்பிக்கிறவரையும் அழைத்துச் செல்லுங்கள். தாளங்களை நிறுத்தச் சொல்லுங்கள். பியானோ ஒலி ஒன்றை மட்டும் வைத்து, ஒரே கட்டையைப் பத்து முறை அழுத்திப் பாருங்கள். முதலில் பூப்போல, பின் படிப்படியாக ஓங்கி. பத்து விதமாக ஒலிக்கிறதா? அழுத்திய கட்டை விரலோடு சேர்ந்து எழும்புகிறதா? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கும் தாய் அதன் பளபளப்பைப் பார்த்ததோடு நில்லாமல் தராசில் வைத்துப் பார்க்கிறாளே, அதே கவனம் இங்கும் வேண்டும். பழைய கருவியை வாங்குவதாயின் 88 கட்டைகளையும் ஒன்றுவிடாமல் அழுத்திப் பாருங்கள். வீட்டிற்கு வந்தபின் நம் ஊர்ப் புழுதியிலிருந்து காக்க ஒரு பருத்தித் துணியும், ஜன்னல் வெயில் படாத ஓர் இடமும் போதும்.

டிரான்ஸ்போஸ் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. சபையார் எந்தச் சுருதியில் பாடினாலும் வாசிக்கிறவர் ஒரே கட்டைகளில் வாசிக்கும்படி அது மாற்றித் தரும். ஆராதனையின் நடுவே அது உதவியே. ஆனால் கற்கும் பிள்ளை அதில் சாய்ந்துவிட்டால், பொத்தான் இல்லாத கருவியின் முன் கைகட்டி நிற்கும். முதல் சில ஆண்டுகள் அதைத் தொடாமலிருக்கட்டும்.

வேறொன்றையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் நமக்குத் தந்த கீர்த்தனைகள் ராகங்களில் அமைந்தவை. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம், தனித்தனியாக நிற்கும் கட்டைகளில் வராது. ஆகையால் பியானோ கற்கும் பிள்ளை பாடவும் கற்கட்டும். குரல் அறிந்ததை விரல் தேடிச் செல்லட்டும்.

இனி, யமஹா என்னும் பெயருக்குப் பின்னாலுள்ள மனிதரைப் பாருங்கள். ஜப்பானின் ஹமமாட்சு நகரப் பள்ளியொன்றில் பழுதான ரீட் ஆர்கன் ஒன்றை 1887-இல் தொராகுசு யமஹா சரிசெய்தார். பின்பு தாமே ஓர் ஆர்கனைச் செய்தார். அதன் தரத்தை அறிய, நண்பரும் அவருமாகக் கழியில் கட்டித் தோளில் சுமந்து, ஹக்கோனே மலைகளைக் கடந்து, சுமார் 250 கிலோமீட்டர் தொலைவிலிருந்த டோக்கியோ இசைக் கல்விக்கூடத்திற்குக் கொண்டுசென்றார். சுருதி சரியில்லை என்றார்கள் அங்கே. அவர் கோபித்துத் திரும்பவில்லை. அங்கேயே தங்கி இசையின் இலக்கணத்தைக் கற்று, ஊருக்குத் திரும்பி மீண்டும் செய்தார். குறையை உள்ளபடி சொன்ன ஒரு செவி அவருக்குக் கிடைத்தது. அதைக் கேட்கும் மனமும் அவருக்கு இருந்தது.

பிரியமானவர்களே, நல்ல கருவி பிள்ளைக்குச் செய்வதும் இதுவே. விரல் தளர்ந்தால் ஒலி தளர்ந்து காட்டும். விரல் திருந்தினால் ஒலியும் திருந்தும். உள்ளதை உள்ளபடி சொல்லும். குழலும் சுரமண்டலமும் தெளிவான வேறுபாட்டோடு ஒலிக்காவிட்டால் வாசிக்கப்படுவது என்னவென்று யாருக்கு விளங்கும் என்று பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபையைக் கேட்கிறார். குறையை முழக்கத்தால் மறைக்கும் கருவிகளையும், நம் பிழையைப் புகழ்ச்சியால் மூடும் மனிதரையும் நாம் விரும்பித் தேடுகிறோம். நம்மை வளர்ப்பதோ மறைக்காமல் பதில் சொல்லுகிறவை. தாவீது சவுலின் அரண்மனைக்குள் வருமுன்னரே சுரமண்டலம் வாசிக்கத் தேறினவன் என்று பெயர் பெற்றிருந்தான். யாரும் காணாத நாட்களில் அந்தக் கை பழகியிருக்க வேண்டும். உங்கள் பிள்ளை ஹெட்போன் அணிந்து, வீட்டில் ஒருவர்க்கும் கேளாமல் ஒரே வரியை இருபது முறை வாசிக்கும் மாலைப்பொழுதும் அத்தகையதே. தினமும் இருபது நிமிடம் போதும். அந்த நேரத்தில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து வையுங்கள்.

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்கிட வேண்டும் என்றார் நம் ஆண்டவர். ஆகவே கடன்பட்டு வாங்காதீர்கள். இன்று முடியாவிட்டால் காத்திருங்கள். காத்திருக்கும் குடும்பங்களுக்காக, கருவி வைத்திருக்கும் சபைகளிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் ஒலித்துவிட்டு, மற்ற ஆறு நாட்களும் பூட்டிய அறையில் உறை மூடிக் கிடக்கும் கருவியால் யாருக்குப் பயன்? வாரத்தில் இரு மாலைகள் பெரியவர் ஒருவர் உடனிருக்க ஆலயக் கதவைத் திறந்து வையுங்கள். வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைகள் வந்து பழகட்டும். நரைத்த தலையோடு ஆர்மோனியத்தின் பின்னே அமர்ந்திருக்கும் அண்ணன்மார் அப்பிள்ளைகளுக்கு அருகில் அமரட்டும். அவர்கள் செவியில் இருக்கும் பாடல்கள் எந்தக் கருவியின் நினைவகத்திலும் இல்லை.

ஜெபிப்போமாக: ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளின் விரல்களை உமது கையில் ஒப்புவிக்கிறோம். வாங்குகிற பெற்றோருக்கு ஞானத்தையும், கற்கிற பிள்ளைக்குப் பொறுமையையும், கற்பிக்கிறவருக்கு உண்மையான செவியையும் தாரும். ஆமென்.