கூச்சத்தைவிட உயிர் பெரிது

என்னிடம் படித்த பலருக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. இந்தப் பதிவு முதலில் அவர்களுக்கு. வீட்டுப் பெண்களும் அவசியம் படியுங்கள்.

கடற்கரைச் சாலையில் காலை நடை போகும் எங்கள் வயதுக்காரர்கள் சர்க்கரை, பிபி, மூட்டுவலி, புராஸ்டேட் வரை தாராளமாகப் பேசுவோம். ஆணுறுப்பில் ஒரு புண் வந்தால் மட்டும் மனைவியிடம்கூட வாய் திறக்க மாட்டோம். அங்கேயும் புற்றுநோய் வரும். அரிதானதுதான், ஆனாலும் மேலை நாடுகளைவிட நம் நாட்டில் அதிகம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கிப் போட்டே எட்டு மாதம் ஓட்டினார். 'தப்பான பழக்கத்தால் வந்தது என்று டாக்டர் நினைத்துவிடுவாரே' என்ற பயம். தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் மகனிடம் சொன்னார். உறுப்பின் ஒரு பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. நெறிக்கட்டுக்குத் தனி ஆபரேஷன். இன்று நலமாக இருக்கிறார். பெயர் போடாமல் எழுதுங்கள் சார் என்று சொன்னதே அவர்தான்.

கவனிக்க வேண்டியவை இவை: ஆறாத புண், வலிக்காத சிறு கட்டி அல்லது மரு போன்ற வளர்ச்சி, தோல் தடித்துச் சிவப்பது, முன்தோலுக்கு அடியிலிருந்து துர்நாற்றத்தோடு நீரோ ரத்தமோ கசிவது, பின்னுக்குப் போன முன்தோல் திடீரென்று போகாமல் இறுகுவது. வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு, மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாப் புண்ணும் புற்று அல்ல. சிறு சதையெடுத்துப் பயாப்ஸி பார்த்தால் தெரிந்துவிடும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் களிம்பு, லேசர், சிறு அறுவை சிகிச்சையோடு உறுப்பைக் காப்பாற்றிவிட வாய்ப்பு உண்டு.

தடுப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. தினமும் குளிக்கும்போது முன்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி நீரால் கழுவித் துடையுங்கள். (சின்னக் குழந்தைகளுக்கு வலுக்கட்டாயமாகத் தள்ளக் கூடாது.) சர்க்கரை நோயாளிகளுக்கு அடிக்கடி புண் வந்து தோல் இறுகும், அப்படி இறுகினால் தோலை நீக்கும் சிறு ஆபரேஷன் போதும். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாம் இந்த நோய்க்கும் காரணம். பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் இதற்கும் ஒரு காரணம். 2022-இல் அனுமதி பெற்ற நம் நாட்டுத் தடுப்பூசி செர்வாவேக்கை ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். பேரப்பிள்ளைகளுக்காகக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் நம்முடையது. அதன் வழி வந்த ஜிப்மரில் யூராலஜி பிரிவும் இருக்கிறது, மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கிறது. கோரிமேட்டுக்கு டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். அங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு இது தினசரி வேலை. அவர் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்.

சகோதரிகளே, வீட்டுக்காரர் எதையோ மறைப்பதாகத் தோன்றினால் கோபப்படாமல் கேளுங்கள். புற்று தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல.

லைக் வேண்டாம். சொல்லத் தயங்கும் ஒருவருக்கு இதைத் தனியாக அனுப்புங்கள், போதும்.