இரவு இரண்டு மணிக் கணக்கு

வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது என்ற செய்தியை அனுப்பிவிட்டு, தண்ணீர்த் துறையில் பொறியாளராக இருக்கும் நண்பர் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: “மீட்டரைப் பார்க்க வர வேண்டாம். கம்பி வைத்துக் கசிவைக் கேட்கிற ஒருவர் இருக்கிறார், அவரைப் பார்க்க வா.” கோவைக்குக் கிளம்ப எனக்கு அது போதும்.

சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களிடம் வேறு ஊர்த் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அணை இருப்பதோ கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். பில்லூரிலிருந்தும் தண்ணீர் வருகிறது. மலை இறங்கி வருகிற இந்தத் தண்ணீர் பல தெருக்களுக்கு வாரம் ஒருமுறை, சில சமயம் அதையும் தாண்டித்தான் கிடைத்து வந்தது. இருபத்துநான்கு மணி நேரமும் குழாயில் தண்ணீர் என்ற திட்டத்துக்காக மாநகராட்சி 2018-இல் சூயஸ் நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. தண்ணீரைத் தனியாருக்குக் கொடுக்கிறார்கள் என்று எதிர்ப்பும் கிளம்பியது. அந்த விவாதத்தை இன்னொரு நாள் பேசலாம்.

நான் பார்க்கப் போனவர் அறுபதைத் தாண்டியவர். பிட்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஒரு ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலிக்குப் போகிறார். கையில் ஆள் உயர இரும்புக் கம்பி. ஒரு முனை கூர். மறுமுனையில் கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்த மரக்குமிழ். அது உள்ளங்கை படிந்து படிந்து கறுத்திருந்தது. நள்ளிரவு தாண்டி, பஸ் ஓட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு வால்வுக் குழியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பினார். கம்பியை வால்வின் தலையில் ஊன்றி, குமிழைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம் தந்தார்.

“கேளுங்க தம்பி.”

முதலில் என் காதுக்குள் ஓடும் ரத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதன் அடியில் வேறொன்று: தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எழும் ‘ஸ்ஸ்’, அணையாமல் நீண்டுகொண்டே இருந்தது.

“தொட்டி ரொம்புதுன்னா நின்னு நின்னு வருமுங்க. உடப்புன்னா மூச்சே விடாது. சின்ன ஓட்டை கத்தும், பெரிய உடப்பு முனகும்.”

இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரைதான் கசிவு கேட்பவர்களுக்கு வேலை. ஊர் தூங்குகிறது, யாரும் குழாயைத் திறப்பதில்லை, அதனால் குழாய்க்குள் அழுத்தம் ஏறி நிற்கிறது. அழுத்தம் ஏறினால் கசிவும் ஏறும், சத்தமும் ஏறும்.

அப்பா குழாய்ப் பள்ளம் வெட்டியவர். இவர் பத்தொன்பது வயதில் வால்வு திறக்கும் உதவியாளாகச் சேர்ந்திருக்கிறார். கம்பி வைத்திருந்த மூத்த பிட்டர் பல வருஷம் அதைத் தொடவே விடவில்லையாம். அவர் காட்டிய இடத்தில் குழி வெட்டுவது மட்டுமே வேலை. “வெட்ட வெட்டத்தானுங்க காது வளரும். இங்கதான்னு மனசுல ஒரு எடம் போட்டு வெச்சுக்குவேன். அவரு வேற எடம் காட்டுவாரு. வெட்டினா அவரு சொன்ன எடத்துல தண்ணி நிக்கும்.” தப்பான இடத்தில் வெட்டினால் கிடைப்பது வறண்ட குழியும், தார் ரோட்டைக் கெடுத்ததற்கு மேலே கீழே எல்லோரிடமும் ஏச்சும். தீபாவளி நாட்களில் இப்போதும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பாராம். பேரன்கள் கேலி செய்கிறார்களாம்.

ஆனால் இந்தக் காதுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. காரணம் மீட்டர் அல்ல, பிளாஸ்டிக். பழைய வார்ப்பிரும்புக் குழாய் சத்தத்தை வெகுதூரம் கடத்தும். புதிதாகப் பதிக்கிற கறுப்பு எச்டிபிஇ குழாய் அதை விழுங்கிவிடும். கசிவிலிருந்து சில மீட்டர் தள்ளிப் போனாலே ஒன்றும் கேட்காது. “இரும்பு சொல்லிருமுங்க. இது ஊமை” என்றார். துருப் பிடிக்காத குழாய் வந்தபோது கூடவே இந்தச் சிக்கலும் வந்திருக்கிறது. இங்கேதான் ஸ்மார்ட் மீட்டருக்கு உண்மையான வேலை.

ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து, தண்ணீர் நுழைய ஒரே வழி வைத்து, அங்கே ஒரு பெரிய மீட்டர். உள்ளே வீட்டுக்கு வீடு சிறிய மீட்டர். நுழைந்ததில் வீடுகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் மீதி காணாமல் போனது. கேட்கச் சுலபம். ஆனால் ஆள் நடந்து போய் அளவெடுத்த காலத்தில், முதல் வீட்டுக் கணக்கு ஒன்றாம் தேதி என்றால் கடைசி வீட்டுக் கணக்கு இருபதாம் தேதி. அந்தக் கூட்டுத்தொகைக்கு என்ன மதிப்பு? ஸ்மார்ட் மீட்டர் மணிக்கு மணி குறித்து வைக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே மணி. இரவு இரண்டு மணிக்கு உள்ளே போனது எவ்வளவு, அதே மணியில் வீடுகள் எடுத்தது எவ்வளவு என்று பார்த்தால் அந்தப் பகுதியின் கசிவு ஏறக்குறைய அப்படியே வெளியே வந்துவிடும். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினால் நாளைக்கு 1,440 லிட்டர். நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுப்படி அது பத்துப் பேருக்கு மேல் போதும். 2019-இல் லீம்பெர்கர், வயாட் என்ற இருவர் போட்ட மதிப்பீட்டில், ஒழுகியும் திருட்டுப் போயும் அளக்கப்படாமலும் உலகம் வருஷத்துக்கு இழக்கும் தண்ணீர் 12,600 கோடி கன மீட்டர். நம் மத்திய அரசின் அளவுகோல், இழப்பு 20 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது.

கட்டுப்பாட்டு அறையில் ஓர் இளம் பொறியாளர் திரையில் வண்ணக் கோடுகளை வெகு பொறுமையாக விளக்கினார். அலைவரிசை, சர்வர், மென்பொருள். வாசகரை அங்கே நிறுத்தி வைக்க எனக்கு மனமில்லை. மீட்டரின் வயிறு மட்டும் பிடித்திருந்தது. பழைய மீட்டருக்குள் சக்கரம் இருக்கும். மிதவை வால்வு வைத்த தொட்டிக்குள் நூலாக இறங்கும் தண்ணீருக்கு அது அசையாது. வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டாலோ, முன்னால் வருகிற வெறுங்காற்றுக்கே சுழன்று தொலைக்கும். ஒலியலையால் அளக்கும் புது மீட்டருக்குச் சக்கரமே கிடையாது. நீரோட்டத்தோடு ஒன்று, எதிராக ஒன்று என இரண்டு ஒலித் துடிப்புகளை அனுப்பி, போய்ச்சேரும் நேரத்தின் வித்தியாசத்தில் வேகத்தைக் கணக்கிடுகிறது. இதைப் பெரியவரிடம் சொன்னேன். “அப்ப அதுவும் எங்காளுதானுங்க” என்று சிரித்தார்.

நண்பர் சொன்ன ஒரு சம்பவம். ஒரு பகுதியில் இரவுக் கணக்கு பெரிதாக உதைத்திருக்கிறது. கருவிகளோடு தெருத்தெருவாகத் தேடியும் ஈரம்கூட இல்லை. பெரியவரைக் கூட்டிவந்தார்கள். பிள்ளையார் கோயில் முக்கில் நின்று, இதற்குக் கீழே ஒரு வால்வு இருக்கிறது, ரோடு போடும்போது மூடிவிட்டார்கள் என்றாராம். தாரை வெட்டினார்கள். வால்வு திறந்தே கிடந்தது. தண்ணீர் ஒழுகவே இல்லை, பக்கத்துப் பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தது! அந்த வால்வு எந்த வரைபடத்திலும் இல்லை.

இந்த மனிதருக்குத்தான் நாள்கூலி. பெரிய ஒப்பந்தம் ஒருவருக்கு. அதிலிருந்து உள் ஒப்பந்தம். அதற்கும் கீழே ஆள் பிடித்துத் தருகிற மேஸ்திரி. வாரக் கடைசியில் மேஸ்திரி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறார். மீட்டர் மாட்டும் பையன்கள் இருவர் கூட வந்தார்கள். அவர்களுக்கு எண்ணிக்கைக் கூலி. கையுறை சொந்தக் காசு. என் கோபம் இதோடு நிற்கவில்லை. மாட்டிய மீட்டருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் மீட்டர்கள்தான் பெருகும். குறைந்த இழப்புக்குப் பணம் என்று ஒப்பந்தம் எழுதினால்தான் கண்டுபிடித்த கசிவை அடைக்க அவசரம் வரும். அப்படி எழுதுகிற முறை உலகில் இல்லாததல்ல. நம் ஊரில் பெட்டியைக் காட்டிப் பில் போடுவது எளிது. பள்ளம் வெட்டி, அடைத்து, இரவுக் கணக்கு இறங்கியதை நிரூபித்துப் பில் போடுவது கஷ்டம். நடுவில் நிற்பவர்களுக்கு எது வசதியோ அதுதான் டெண்டராகிறது. எந்த ஒப்பந்தத்திலும் ஓய்வு பெற்ற பிட்டரின் காதுக்கும் ஞாபகத்துக்கும் தனியாக ஒரு வரி கிடையாது.

மறுநாள் பகலில் ஒரு வீடு. நாள் முழுக்க ஒரு நொடிகூடத் தண்ணீர் நிற்கவில்லை என்று மீட்டர் எச்சரிக்கை காட்டியிருந்தது. வீட்டுக்கார அம்மா, மீட்டர் பொய் சொல்கிறது என்றார். பெரியவர் சண்டைக்குப் போகவில்லை. “அம்மிணி, கொஞ்சம் மஞ்சப்பொடி குடுங்க” என்று வாங்கி, கழிவறை பிளஷ் தொட்டிக்குள் போட்டுக் கலக்கிவிட்டு, யாரும் இதைத் தொட வேண்டாம் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது. குடித்து முடித்துப் போய்ப் பார்த்தால் கோப்பைக்குள் மெலிதாக ஒரு மஞ்சள் கோடு இறங்கியிருந்தது.

“இத்தன நாளும் போன தண்ணிக்கு யாருங்க காசு கட்டறது?”

“மீட்டருக்குப் பின்னாடி போனா உங்க பாடுங்க. முன்னாடி போனா எங்க பாடு.”

“முன்னாடி போறதையும் எங்க வரியிலதானுங்களே எடுக்கறாங்க?”

“அதைக் கவுன்சிலர்கிட்டத்தான் கேக்கோணும்” என்றவர், பையனைக் கூப்பிட்டு வாஷர் வாங்க இருபது ரூபாய் கொடுத்தனுப்பினார். அந்த அம்மா உடனே சில்லறை தேட உள்ளே போனார்.