கையில் மருதாணி

கால் ஊறவைக்கும் தொட்டி, குதிகால் தேய்க்கும் கல், நகத்துக்கென்று தனி எண்ணெய், யூரியா கலந்த களிம்பு. எல்லாம் சென்னையில் என் அலமாரியில் இருக்கின்றன. வேலையும் நன்றாகவே செய்கின்றன, குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆடி பிறந்துவிட்டால் கை சும்மா இருக்க மறுக்கிறது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில், ஆடியில் மருதாணி வைக்காத பெண்ணைப் பார்க்க முடியாது.

ஆடிக்கு அங்கே ஒரு நியாயம் இருந்தது. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்து சேர்ந்தால், அடுத்து குறுவை நடவு. நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற பெண்களுக்குக் கால் விரல் இடுக்குகள் ஊறி வெளுத்து, தோல் உரிந்து அரிக்கும். சேத்துப்புண். மருதாணி இலையையும் மஞ்சளையும் சேர்த்து அரைத்து இரவில் அப்பிக்கொண்டு படுப்பார்கள். மருதாணியின் சாயப்பொருளான லாசோனுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. என் அத்தைக்கு அதெல்லாம் தெரியாது. காலையில் அரிப்பு அடங்கியிருக்கும், அது தெரியும். அழகுக்கு வைத்தாளா, புண்ணுக்கு வைத்தாளா என்று கேட்டால் சிரிப்பாள்.

வேலியில் உருவிய இலை, ஒரு கொட்டைப்பாக்கு, கொஞ்சம் புளி. அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைபட வேண்டும். புளிப்பு சேர்ந்தால்தான் சாயம் நன்றாக இறங்கும். அரைக்கிறவள் உள்ளங்கை, வைக்கிறதற்கு முன்பே சிவந்துவிடும். சோறு தின்று முடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் ஆரம்பம். விரல் நுனிக்கெல்லாம் தொப்பி, உள்ளங்கையில் ஒரு வட்டம், சுற்றிலும் பொட்டுகள். வேறு டிசைன் ஒன்றும் கிடையாது. பிறகு காலுக்கு. அம்மாவின் பித்தவெடிப்புப் பாதத்தை அப்பாயி மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, வெடிப்புக்குள் விழுது போகும்படி அழுத்தி அப்புவாள். மாமியார் மருமகள் சண்டை ஓய்ந்திருந்த நேரமாக அதைத்தான் நினைவு வைத்திருக்கிறேன்.

கொசு கடிக்கும், மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. யாராவது சொறிந்துவிட வேண்டும். தூங்காமல் அடம்பிடித்துப் பசிக்கிறது என்றால், அப்பாயி பழையதைப் பிசைந்து உருட்டி வாயில் போடுவாள். திண்ணையிலிருந்து தாத்தா, “தண்ணி கொண்டாங்கடி” என்று குரல் கொடுப்பார். “கையில மருதாணி!” என்று உள்ளேயிருந்து பதில் போகும். அவரே எழுந்து போய்ப் பானையில் மொண்டு குடிப்பார். வருஷம் முழுக்க நாற்று, அடுப்பு, சாணம், துணி என்று ஓடிய கைகள் அந்த ஒரு ராத்திரி எதையும் தொடாமல் மல்லாந்து கிடக்கும். அதைக் கேட்க வீட்டில் எவருக்கும் துணிச்சல் கிடையாது.

விடிந்ததும் உதிர்த்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, முகர்ந்து பார்ப்போம். முதலில் ஆரஞ்சாக இருப்பது மறுநாளைக்குள் கறுத்துச் சிவக்கும். யாருக்கு அதிகம் சிவந்ததோ அவளுக்குப் பித்த உடம்பு என்று ஒரு தீர்ப்பு. தோலில் பிடித்தது சில வாரத்தில் போய்விடும். நகத்தில் பிடித்தது போகாது. கைநகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவே வளர்வதால், தீபாவளிக்கு வைத்த சிவப்பு பொங்கலுக்கும் நுனியில் பிறைபோல நிற்கும். அதை வெட்டவும் சட்டம் உண்டு: வெள்ளி செவ்வாய் ஆகாது, விளக்கு வைத்த பிறகு ஆகவே ஆகாது. சிமினி வெளிச்சத்தில் பாதி பிளேடு வைத்து நகம் வெட்டிய காலத்தில் இரண்டாவது சட்டம் சரிதான். முதலாவது எதற்கென்று இன்றுவரை விளங்கவில்லை. நகச்சுத்தி வந்தால் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிவிடுவார்கள். வலி குறைந்ததோ இல்லையோ, அந்த மஞ்சள் தொப்பியோடு பள்ளிக்கூடம் போகப் பெருமையாக இருந்தது.

இப்போது கோன் வாங்கினால் அரை மணியில் சிவக்கிறது. அத்தனை வேகமாகச் சிவப்பதே எனக்குச் சந்தேகம். கறுப்பு மருதாணி என்று விற்பதில் தலைச்சாயத்தில் போடுகிற பிபிடி கலப்பதுண்டு. கொப்புளமும் தழும்பும் வரும். அதைப் பிள்ளைகள் கையில் வைக்காதீர்கள். நல்ல பொடியும் கிடைக்கிறது. நானே குழைத்து, இடக்கைக்கு வைத்துக்கொள்கிறேன். வலக்கைக்கு வைக்க ஆளில்லை. நடுவில் கூரியர்காரர் மணியடித்தால் எழுந்து போய்த் திறக்கிறேன்.

மருதாணிக் குச்சியை ஒடித்து நட்டால் வேர்விடும், மாடித் தொட்டியிலும் வளரும். இலைக்குப் பஞ்சமில்லை. அரைத்து வைத்துவிட வீட்டில் ஆள் இருக்கிறவர்கள், இந்த ஆடிக்கே கையை நீட்டிவிடுங்கள்.