வேட்டையிலும் இஹ்ஸான்



எம்மிடம் ஓதி, இன்று இங்கிலாந்தில் வாழும் மாணவர் ஒருவர், துப்பாக்கியால் வேட்டையாடிய மானை உண்ணலாமா என வினவினார்.

அந்நாட்டின் 1991ஆம் ஆண்டு மான் சட்டப்படி, பெரும்பாலான மானினங்களைச் சுடும் ரைஃபிளின் குழல் விட்டம் 0.240 அங்குலத்துக்கும், தோட்டாவின் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கும் குறையலாகாது. குறி வைக்க வேண்டிய இடம், இதயமும் நுரையீரலும் அமைந்த மார்புப் பகுதி. தலைக்கு வைத்த குறி தவறினால், தாடை சிதைந்த மான் பட்டினியால் மடியும். கொல்லும்போதும் செம்மையாகக் கொல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது இங்கு நினைவுக்கு வருகிறது.

கூர்முனை துளைத்ததை உண்ணலாம். பக்கவாட்டு அடியால் இறந்ததை உண்ணலாகாது என அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் விளக்கினார்கள். தோட்டா துளைப்பதால் ஆகுமென்றார் இமாம் ஷவ்கானீ. ஹனஃபீ, ஷாஃபிஈ அறிஞர் பலரோ, அது மோதும் விசையால் கொல்வதெனக் கூறி, உயிர் பிரியுமுன் அறுத்தாலன்றி ஆகாதென்றனர்.

அறுப்பதற்காக மானைக் குற்றுயிராக்கும்படி சுடுவது தகுமா? தகாது. பிஸ்மில்லாஹ் கூறி, விரைந்து இறக்குமாறே சுடுக. உயிருடன் எட்டினால் அறுக்க; இல்லையேல் பேணுதலுக்காக இறைச்சியை விட்டுவிடுக. இறைச்சியை இழக்கலாம், இரக்கத்தை இழக்கலாகாது.

அல்லாஹ் நம் உணவையும் உள்ளத்தையும் தூய்மையாக்குவானாக. ஆமீன்.