வாங்கும் கையும் ஏந்தும் கையும்

மலிவான பொருளின் முழு விலையையும் யார் கொடுக்கிறார் என்னும் வினா பொருளியல் வகுப்பில் மட்டும் எழுவதன்று. லிந்துலைத் தோட்டங்களில் கவ்வாத்து வெட்டுவோர் எவரும் அதற்கு விடை அறிவர். நல்ல உருக்கிலான கவ்வாத்துக் கத்தி ஒரே வீச்சில் கிளையைச் சரிவாக அறுக்கும். மட்டமான கத்தியோ கிளையைப் பிளக்கும். மாலையானதும் மணிக்கட்டை நோகச் செய்யும். கத்தியை விலைபேசி வாங்குபவர் ஒருவர். அதைப் பிடித்துச் செடிமுன் குனிபவர் வேறொருவர். இவ்வுண்மை ரிவோல்வருக்கும் பொருந்தும் என்பது எனக்கு அண்மையிலேயே புலனாயிற்று.

என் தமையனார் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குச் சென்று தனியார் காவற் சேவையொன்றிற் சேர்ந்தவர். மலையக இளைஞர் பலர் செல்லும் வழி அது. பணம் ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் காவலாக அனுப்பப்பட்டபோது, பழைய ரிவோல்வர் ஒன்று அவர் கையிற் கொடுக்கப்பட்டது. தீபாவளிக்கு வந்திருந்த வேளையில் அதன் குறையைச் சொன்னார்: விசையை இழுத்தால் உருளை சில சமயம் முழுதும் திரும்பி நிற்பதில்லை. நான் திடுக்குற்றதைக் கண்டு, "பயப்படாத தங்கச்சி, சுடுறதுக்கா குடுத்தாங்க? காட்டத்தானே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பே என்னை நூலகத்துக்கு அனுப்பிற்று.

ரிவோல்வர் என்பது சுழலும் உருளையொன்றில் ஐந்து அல்லது ஆறு ரவைகளைத் தாங்கும் கைத்துப்பாக்கி. பழைய வகையில் ஒவ்வொரு வெடிக்கும் முன்னர் பெருவிரலாற் சுத்தியலைப் பின்னிழுத்து நிறுத்தல் வேண்டும்; விசை அதனை விடுவிக்க மட்டுமே செய்யும். 1851இல் இங்கிலாந்தில் ரொபர்ட் அடம்ஸ் உருவாக்கிய வகையிலோ விசையை ஒருமுறை இழுத்தாலே உருளை திரும்பும், சுத்தியல் உயரும், பின் விழும். சில ஆண்டுகளின் பின் பியூமொண்ட் என்பார் இரு முறைகளையும் ஒன்றிலேயே இணைத்தார். இதுவே இரட்டைச் செயல் ரிவோல்வர்.

இழுப்பு ஒன்று, அதனுள் வேலைகள் பல. ஆதலினாலேயே உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் உள்ள வேறுபாடு இவ்வகையில் தெளிவாகத் தெரிகின்றது. உள்ளுறுப்புகள் தீட்டிப் பொருத்தப்பட்டிருப்பின் இழுப்பு நீண்டதாயினும் சீராக வரும், அன்றேல் அரைபட்டு வரும், கை அசையும், குறி தவறும். உருளையைத் தள்ளித் திருப்பும் சிறு பல்லும் அதனை நிறுத்தும் பூட்டும் மென்மையான உலோகத்தால் ஆனவையாயின் விரைவிலே தேய்ந்துவிடும். தேய்ந்த பின் அறையும் குழலும் நேர்க்கோட்டில் நில்லா. அந்நிலையில் ரவை வெடித்தால் ஈயத் துகள்கள் பக்கவாட்டிற் சிதறும். தமையனார் சொன்ன குறை இவ்வகையினதே. அச்சிதறல் படுவது கொள்ளையர் மேலன்று. ஏந்தியவர் மேலும் அவரருகில் நிற்பவர் மேலுமே.

இவ்விரு தரங்களையும் பிரித்தானிய இராணுவம் ஒரே போரிற் கையாண்டது. 1915இல் அது ஏற்றுக்கொண்ட வெப்ளி ஆறாம் மாதிரி, புகழ்பெற்ற பேர்மிங்ஹாம் நிறுவனமொன்றின் ஆக்கம், 0.455 அங்குல ரவைக்குரியது. ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுடையது. தேவைக்கு அவை போதாமற் போகவே, ஸ்பெயினின் எய்பார் நகரப் பட்டறைகளிலிருந்தும் அதே ரவைக்குரிய ரிவோல்வர்கள் வாங்கப்பட்டன. எய்பாரும் பெல்ஜியத்தின் லியேஜும் பெயர்பெற்ற நிறுவனங்களின் வடிவங்களைப் பின்பற்றி மலிவாகச் செய்வதிற் பேர்போனவை. தோற்றம் ஒன்றாயிருக்கும், உருக்கின் தரமும் பொருத்தத்தின் நேர்த்தியும் பட்டறைக்குப் பட்டறை வேறாயிருக்கும்.

ஆயினும் விலையே தரம் என்று முடிவுகட்டுதலும் பொருந்தாது. அமெரிக்காவில் மலிவு ரிவோல்வர்களைச் செய்த ஐவர் ஜோன்சன் நிறுவனம், விசை முழுதும் இழுக்கப்பட்டாலன்றிச் சுத்தியலின் அடி ரவையைச் சென்றடையாத பாதுகாப்பு அமைப்பொன்றை 1890களிலேயே புகுத்தியது. அதனினும் மிக்க புகழுடைய சிமித் அன்ட் வெசனோ, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தனது ரிவோல்வரொன்று கீழே விழுந்து வெடித்து அமெரிக்கக் கடற்படையினர் ஒருவர் இறந்த பின்னரே தன் பாதுகாப்புத் தடையைத் திருத்தியமைத்தது.

குழலுக்குப் பின்னால் நிற்பவருக்கு இத்தனை வேறுபாடுகள் உள. முன்னால் நிற்பவருக்கோ? 1959 செப்டெம்பர் 25ஆம் நாள் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா கொழும்பிலுள்ள தம் இல்லத்திற் சுடப்பட்டது வெப்ளி ரிவோல்வரால். மறுநாள் அவர் உயிர் நீத்தார். 1981 மார்ச் 30ஆம் நாள் வாஷிங்டனில் ஜனாதிபதி ரேகனைச் சுட்டவன் ஏந்தியது றோம் என்னும் ஜேர்மன் நிறுவனத்தின் மலிவு ரிவோல்வர்; அடகுக் கடையொன்றில் வாங்கப்பட்டது. இத்தகையவற்றின் இறக்குமதியை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தமையால், உதிரிப்பாகங்களைத் தருவித்து மயாமியில் அவை பொருத்தப்பட்டன. இரண்டு வினாடிக்குட்பட்ட நேரத்தில் ஆறு முறை வெடித்து அது நால்வரைக் காயப்படுத்தியது. அவர்களுள் ஜேம்ஸ் பிறேடி எஞ்சிய வாழ்நாளை ஊனமுற்றவராகவே கழித்தார். முன்னால் நின்றோருக்கு விலையுயர்ந்ததும் மலிவானதும் ஒன்றாகவே இருந்தன.

இதனை எங்கள் லயத்தார் நூல் படியாமலே உணர்ந்திருந்தனர். வெள்ளைத்துரையின் மேசை இழுப்பறையில் ஒரு ரிவோல்வர் இருந்ததென்றும், சம்பள நாளில் அது மேசைமேல் வருமென்றும் பங்களாவில் வேலைசெய்த என் பாட்டனார் கூறுவார். அது வெடித்ததை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அது வெப்ளியா எய்பாரா என்று எவரும் வினவியதுமில்லை. இருக்கிறது என்ற செய்தியே போதுமாயிருந்தது. எனினும் வெறுங் காட்சிப்பொருளென்று துவக்கை ஒதுக்கிவிட மலைநாட்டாரால் இயலாது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தனும், 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்திற் சிவனு லெட்சுமணனும் பொலிசாரின் சூட்டுக்கு இரையாயினர். காட்டப்படுவது ஒருநாள் வெடிக்கவும் கூடும் என்பதற்கு இவ்விருவர் பெயர்களுமே எங்களுக்குச் சான்று.

துரையின் ரிவோல்வரும் காட்டுவதற்கே, தமையனாருடையதும் காட்டுவதற்கே. இடையில் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. துரை காத்தது தம்மையும் தம் பொறுப்பிலிருந்த பணத்தையும். ரிவோல்வரைத் தெரிவு செய்த கையும் ஏந்திய கையும் ஒன்றே. தமையனார் காப்பது பிறர் பணம்; தெரிவு செய்ததும் பிறரே. நல்ல ஆயுதத்தைத் தாமே வாங்குவது அவரையொத்தோர்க்கு நினைக்கவும் இயலாதது. 2014இல் இந்தியாவின் கான்பூரிற் பெண்களின் பாதுகாப்புக்கென 500 கிராம் எடையில் நிர்பீக் என்னும் ரிவோல்வர் வெளியிடப்பட்டபோது, அதன் விலை ஏறத்தாழ 1,22,000 இந்திய ரூபாவாயிருந்தது. இரவில் வேலை முடிந்து பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்ணுக்கு அது எட்டுமா?

மலிவு ரிவோல்வரை வாங்குவோர் பணத்தை மிச்சம் பிடிக்கின்றனர். அம்மிச்சம் ஏந்துபவரின் விரலுக்கும் கண்ணுக்கும் நேரக்கூடிய ஆபத்தாய் இடம் மாறுகின்றது. கணக்கேட்டில் அதற்கொரு நிரல் இல்லை. தமையனாரை நான் வேண்டிக்கொண்டது ஒன்றே: குறையை எழுத்திற் கொடுத்து, பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுமாறு. அவர் கொடுத்துவிட்டார்; பதில் இன்னும் வரவில்லை.

இரு ரிவோல்வர்களை ஒப்பிடப் புகுவோர் உருக்கையும் இழுப்பையும் பூட்டையும் ஆராய்வது முறையே. அவற்றோடு, இதனை வாங்கியவர் யார், நாளை ஏந்தப்போகிறவர் யார், குறை கண்டால் வேண்டாமென்று சொல்ல அவருக்கு இடமுண்டா என்றும் வினவுதல் வேண்டும். ஏந்துபவருக்கு மறுக்கும் உரிமை இல்லாதவிடத்து, எந்த ரிவோல்வரையும் தரமானதென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.